முந்திரித் தொலிச் சாறு: கரைப்பான் தேர்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ஒரு மகளிர் குழு, முந்திரிப் பருப்பின் தொலியிலிருந்து பயனுள்ள பொருள்களைச் சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லாத கரைப்பானால் பிரித்தெடுக்க முயன்றது. தொடக்கம் முதல் இன்றைய நிலை வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். வேதியியல் கற்பிப்பவன் என்ற முறையில் என்னை ஆலோசனைக்கு அழைத்தார்கள். பெரும்பாலான கட்டங்களில் உடனிருந்தேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், ஆலை எதையும் குறிப்பிடவில்லை. இதே வேலையில் இறங்க நினைக்கும் குழுக்கள் மாவட்டத்தில் இன்னும் உண்டு. அவர்கள் கையில் கொப்புளம் வராமல் தொடங்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பின்புலம்

கல்குளம், விளவங்கோடு பக்கம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக் கொட்டை உடைக்கும் ஆலையில், வேலை பார்த்த ஒருவராவது இல்லாத குடும்பம் குறைவு. இங்கே உடைபடும் கொட்டையில் பெரும்பகுதி ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. ஆவியில் வேகவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பைப் போர்மா எனும் சூட்டறையில் வைத்து உலர்த்தி, அப்புறம் தொலி உரித்துத் தரம் பிரிப்பார்கள். இந்த வேலைகளில் பெரும்பாலும் பெண்களின் கைதான்.

பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் செம்பழுப்புத் தொலி, கொட்டையின் எடையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனாலும் நாள்தோறும் கொட்டை உடைக்கும் ஆலையில் அது மூட்டை மூட்டையாகச் சேரும். அடுப்புக்குப் போகும், இல்லையென்றால் வியாபாரி வந்து சொற்ப விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்.

தொலி உரிக்கும் வேலையிலிருந்த சில பெண்கள் சேர்ந்து நடத்தும் சுயஉதவிக் குழு இது. வெளியூரிலிருந்து வந்த, சோப்பும் கிரீமும் தயாரிக்கும் ஒருவர், தொலியிலிருந்து சாறு எடுத்துத் தந்தால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஹெக்ஸேன், மெத்தனால் போன்ற நச்சுக் கரைப்பான்கள் கூடாது, 'பசுமை' கரைப்பான் மட்டும்தான். குழு வேலை பார்க்கும் ஆலையின் உரிமையாளரும் தொலியைத் தரச் சம்மதித்தார்.

தொலியில் இருப்பதும் ஓட்டில் இருப்பதும்

கிரீம்காரர் கேட்டதில் நியாயம் இருந்தது. முந்திரித் தொலியில் கேட்டச்சின், எபிகேட்டச்சின் ஆகிய பொருள்களும் அவை தொடராகச் சேர்ந்து உருவாகும் டானின்கள் எனும் துவர்ப்புப் பொருள்களும் நிறைய உண்டு. தேயிலையிலும் இதே குடும்பத்துப் பொருள்கள்தான் இருக்கின்றன. காற்றுப்பட்டுக் கெடுவதைத் தடுக்கும் குணம் இவற்றுக்கு உண்டு.

ஆனால் அந்தத் தொலிக்கு மிக அருகிலேயே, ஓட்டின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, வேறொன்று இருக்கிறது. ஊரில் அண்டி எண்ணெய் என்பார்கள். அனகார்டிக் அமிலம், கார்டால், கார்டனால் என்று நீண்ட எண்ணெய்வால் கொண்ட பீனால்கள் கலந்தது அது. தோலில் பட்டால் கொப்பளிக்கும். சேராங்கொட்டைப் பால் பட்டவர்களுக்கும், மாங்காய்ப் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கும் இந்த வகைப் புண் தெரியும். முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். ஓடு உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வது இதற்காகத்தான்.

இந்த ஆய்வில் நடந்தவை எல்லாம் இந்த இரண்டு பொருள்களுக்கும் நடுவில் நடந்தவை.

முதல் சுற்று: எத்தனால்

கிரீம்காரர் தந்த குறிப்பில் 70 சதவீத எத்தனால் என்று இருந்தது. தாவரத்திலிருந்து வருவது, எளிதில் மட்குவது, ஆவியாக்கித் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் பசுமைக் கரைப்பான் பட்டியல்களில் எத்தனால் முன்னணியில் இருக்கும். தண்ணீர் கலந்த எத்தனால் டானின்களை நன்றாகவே இழுக்கும்.

நடைமுறையில் வேறு சிக்கல். எத்தனாலை வாங்கவும் இருப்பு வைக்கவும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன் கீழ் உரிமம் வேண்டும். தூய எத்தனாலின் ஆவி, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை சுமார் 13 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில், வீட்டோடு ஒட்டிய கொட்டகையில், பக்கத்தில் விறகடுப்பு எரியும்போது அதைக் கையாளுவது சரியில்லை. ஆகவே உரிமமுள்ள ஒரு ஆய்வகத்தில் சிறிய அளவில் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது, பலன் தெரிந்த பின் மற்றதை யோசிப்பது என்று முடிவாயிற்று.

சாறு அழகாக வந்தது. ஆழ்ந்த செம்பழுப்பு, வாயைத் துவர்க்க வைக்கும் மணம். எத்தனாலை ஆவியாக்கியதும் மீந்த நீர்ச்சாற்றின் மேல் ஒரு மினுமினுப்பான படலம் மிதந்தது. பருப்பிலிருந்து வந்த கொழுப்பாக இருக்கலாம் என்று ஆய்வகத்தில் சொன்னார்கள். குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் அந்தச் சாற்றைக் கையுறை இல்லாமல் பாட்டில்களில் ஊற்றிப் பிரித்தார்கள்.

மறுநாள் மாலை இருவருக்கும் முன்கையில் அரிப்பு. அதற்கடுத்த நாள் சிறு கொப்புளங்கள். குழுத் தலைவி, முன்பு ஓடு உடைக்கும் பிரிவில் இருந்தவர், பார்த்தவுடன் சொன்னார்: "இது அண்டி எண்ணெ பட்ட மாதிரிலா இருக்கு சார். ஒடைக்கிற பக்கம் இருந்தப்போ எனக்கும் இப்படித்தான் வந்துது."

ஆய்வகத்தில் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டதை அவர் கொப்புளத்தைப் பார்த்தே அடையாளம் கண்டார். பின்னர் வந்த பரிசோதனைகள் அவர் சொன்னதையே உறுதி செய்தன. இந்த நிகழ்வில் மிக முக்கியமான அவதானிப்பு அதுதான் என்று கருதுகிறேன். இருவரும் தோல் மருத்துவரிடம் காட்டிக் குணமடைந்தார்கள். ஒருவர் சில வாரம் வேலைக்குப் போக முடியவில்லை. அந்தக் கூலியைக் குழுவே கொடுத்தது.

வேலையை நிறுத்திய முடிவு

அன்றே எல்லாவற்றையும் நிறுத்தினோம். எடுத்த சாற்றை மூடி முத்திரையிட்டு, யாரும் தொடாதபடி ஆய்வகத்தில் வைத்தோம்.

கிரீம்காரர் வேறு மாதிரி சொன்னார். நூறு பங்கு கிரீமில் ஒரு பங்குதானே போடப் போகிறோம், அந்த அளவில் ஒன்றும் செய்யாது என்றார். குழுவுக்கு அந்த விற்பனை தேவையாக இருந்தது. ஆனாலும் மறுத்தார்கள், நானும் மறுக்கவே சொன்னேன். இது வெறும் எரிச்சல் இல்லை, ஒவ்வாமை. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், அடுத்த முறை புண் வர மிகக் குறைந்த அளவே போதும். அண்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்குப் புண் எதனால் வந்தது என்று தெரியும். கடையில் கிரீம் வாங்கியவருக்குத் தெரியாது. தவிர, அழகுசாதனப் பொருள் தயாரிக்க அழகுசாதன விதிகள், 2020-இன்படி உரிமமும் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். குழுவிடம் இரண்டும் இல்லை.

குழு உறுப்பினர் ஒருவர் தன் கையிலேயே தடவிப் பார்ப்பதாக முன்வந்தார். அதையும் அனுமதிக்கவில்லை. மனிதத் தோலில் சோதிப்பது மருத்துவர் மேற்பார்வையில், முறையான ஒப்புதலோடு நடக்க வேண்டிய காரியம்.

எண்ணெய் எப்படி வந்தது

மூட்டையின் பின்னாலேயே போய்ப் பார்த்தோம். ஓடு உடைக்கும் இடத்திலிருந்து பருப்பு வரும்போது சிறு ஓட்டுத் துணுக்குகளும் கூடவே வருகின்றன. போர்மாவிலும் அவை இருக்கின்றன, தொலி உரிக்கும் மேசைக்கும் வருகின்றன. நாள் முடிவில் தரையைக் கூட்டி அள்ளுவதும் அதே தொலி மூட்டையில்தான் போய்ச் சேருகிறது. எரிக்கப் போகிற பொருளுக்கு அதுவரை யாரும் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஓடு பிளக்கும்போது எண்ணெய் பருப்பின் மேலும் தெறிக்கிறது. அது ஒட்டுவது தொலியின் மேல்தான். அதனால் துணுக்குகளைப் பொறுக்கி எறிந்தாலும் கொஞ்சம் எண்ணெய் இருக்கவே செய்யும்.

இதை உறுதி செய்ய, ஒரே மூட்டைத் தொலியை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பாதியைச் சுளகில் புடைத்து, துணுக்குகளைக் கையுறை போட்ட கையால் பொறுக்கினோம், மறுபாதி வந்தபடியே. இரண்டையும் 70 சதவீத எத்தனால், தண்ணீர் கலந்த கிளிசரின், சுடுதண்ணீர் ஆகிய மூன்றிலும் தனித்தனியே எடுத்தோம். அப்புறம் மெல்லிய தகட்டில் பொட்டு வைத்து, பொருள்களைப் பிரித்துப் பார்க்கும் சாதாரண ஆய்வகச் சோதனை. ஒப்பிட ஓட்டு எண்ணெயையே ஒரு பொட்டாக வைத்துக்கொண்டோம்.

எத்தனாலில் எடுத்த இரண்டிலும் ஓட்டு எண்ணெயின் பொட்டுகள் தெரிந்தன. பொறுக்கியதில் மங்கலாக, பொறுக்காததில் பளிச்சென்று. கிளிசரினில் பொறுக்காத தொலி மட்டும் லேசான தடம் காட்டியது. பொறுக்கிய தொலியைச் சுடுதண்ணீரில் எடுத்ததில் அந்தப் பொட்டு தெரியவில்லை.

காரணம் எளிது. டானின் தண்ணீரை விரும்பும் பொருள். அனகார்டிக் அமிலமும் கார்டாலும் எண்ணெயை விரும்புபவை. எத்தனால் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். அதன் பலமே அதுதான். இங்கே அந்தப் பலமே எதிராக வேலை செய்தது.

கரைப்பானை மறுபடி தேர்ந்தெடுத்தது

பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998-இல் வகுத்த பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் ஒன்று பாதுகாப்பான கரைப்பான் பற்றியது. கரைப்பான், பிரிப்புக்கான துணைப்பொருள் ஆகியவற்றை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாத இடத்தில் தீங்கற்றதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பட்டியலில் பச்சை நிறத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு இது முடிந்துவிடாது. வேண்டாத எதைக் கூடவே இழுத்து வருகிறது, வேலை முடிந்த பின் எங்கே போகிறது, அதைக் கையாளப் போகிறவர் யார் என்று கேட்டுப் பார்த்தபோது எங்கள் பட்டியல் வேகமாகச் சுருங்கியது.

உயரழுத்தக் கரியமிலவாயு முறையைப் பற்றிக் குழுவில் படித்த ஒரு பெண் கேட்டார். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அந்த வாயு நல்ல கரைப்பானாகிறது, அழுத்தத்தை விட்டால் மிச்சமில்லாமல் போய்விடுகிறது. ஆனால் அது எண்ணெய்ப் பொருள்களைத் தேடிப் பிடிப்பது; டானினை விட்டுவிட்டு ஓட்டு எண்ணெயைத்தான் முதலில் எடுக்கும். கருவியின் விலையும் குழுவுக்கு எட்டாதது.

ஆழ்உருகு கரைப்பான்கள் என்று ஒரு வகை உண்டு. 302 டிகிரியில் உருகும் கோலின் குளோரைடையும் 133 டிகிரியில் உருகும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு என்று கலந்தால், கலவை 12 டிகிரியிலேயே திரவமாகிவிடும். ஆண்ட்ரூ அபாட் குழுவினர் 2003-இல் வெளியிட்டது இது. யூரியாவுக்குப் பதில் லாக்டிக் அமிலம் சேர்த்தால் டானின் போன்ற பாலிபீனால்களை நன்றாக எடுக்கும். ஆய்வகத்துக்கு அருமையான பொருள். ஆனால் ஆவியாகாது, சாற்றிலிருந்து அதைப் பிரிக்க இன்னொரு செயல்முறை வேண்டும். கொட்டகையில் நடக்காது.

கிளிசரின் கடைசி வரை போட்டியில் இருந்தது. தாவர எண்ணெயிலிருந்து வருவது, தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, உரிமம் வேண்டாம். அதன் கொதிநிலை 290 டிகிரி. ஆகவே சாறு எப்போதும் கிளிசரினோடேதான் இருக்கும். கிளிசரினோடு இருக்கும் சாற்றுக்குத் தோல் பூச்சைத் தவிர வேறு நல்ல சந்தை இல்லை. தோல் பூச்சு வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று. பிசுபிசுப்பால் வடிகட்டவும் மிகுந்த நேரம் பிடித்தது.

மிஞ்சியது தண்ணீர். அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். எத்தனாலுக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். தண்ணீரில் சாறு எடுத்து, அதைப் பொடியாகும் வரை வற்ற வைத்தால் விறகாக எரிந்து போவது கொஞ்சமில்லை. எனவே வற்ற வைக்கத் தேவையில்லாத ஒரு பயன் வேண்டும்.

துணிச்சாயம் அப்படித்தான் வந்தது. நாகர்கோவில் பக்கம் கைத்தறித் துணிக்கு இயற்கைச் சாயமிடும் ஒருவர், சாற்றைத் திரவமாகவே வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். இது இந்தக் கடற்கரைக்குப் புதிதும் இல்லை. நைலான் வருவதற்கு முன், பருத்தி வலை மட்காமல் இருக்கப் பனிச்சைக்காய்ச் சாற்றில் ஊற வைத்தார்கள். டானினைத் தண்ணீரில் எடுத்து நூலில் ஏற்றுவதுதான் அதுவும்.

சுடுதண்ணீர் முறை

தொலி உரிக்கும் மேசைக்கு அருகே தனிச் சாக்கு வைக்கப்பட்டது. தரையில் விழுந்தது அதில் சேராது. உரிமையாளர் இதற்கு உடனே இசைந்தார். சாக்கு கொட்டகைக்கு வந்ததும் புடைத்து, கையுறையோடு துணுக்கு பொறுக்குதல். பிறகு ஒரு கிலோ தொலிக்குப் பத்து லிட்டர் தண்ணீர், 80 டிகிரி அளவில், ஒரு மணி நேரம். கொதிக்க விடுவதில்லை. மேலே படலம் ஏதும் மிதக்கிறதா என்று பார்த்துத் துணியில் வடிப்பார்கள். சக்கையில் இரண்டாம் முறை ஊற்றும் தண்ணீரில் வரும் மெல்லிய சாறு, அடுத்த தொலிக்கு முதல் தண்ணீராகப் போகும். தண்ணீரும் விறகும் இதில் நன்றாகக் குறைந்தன.

முதலில் பழைய இரும்பு டிரம்மில் எடுத்தபோது சாறு பச்சை கலந்த கறுப்பாகிவிட்டது. இந்த வகை டானினும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். எவர்சில்வர் அண்டாவுக்கு மாறியதும் நிறம் தெளிந்தது. கிணற்றுத் தண்ணீரிலும் இரும்பு இருந்ததால், மழைநீரைப் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு யோசனைகளை ஏற்கவில்லை. கொட்டை வேகவைத்த பின் மீந்த வெந்நீர் சும்மா போகிறதே, அதைப் பயன்படுத்தலாமே என்று ஆலையில் கேட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஓட்டு எண்ணெய் கலந்திருக்கும். அதனால் வேண்டாம் என்றோம். சாயக்காரர், கொஞ்சம் சோடா உப்பு போட்டால் நிறம் கூடுதலாக இறங்கும் என்றார். அது உண்மை. ஆனால் காரத்தில் அனகார்டிக் அமிலம் உப்பாக மாறித் தண்ணீரிலேயே கரைந்துவிடும். எண்ணெயை விலக்குவதற்காகத் தண்ணீரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சோடாவைப் போட்டு அதை மறுபடி உள்ளே அழைக்க முடியாது. காரணத்தைச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார்.

பின்பு நடந்தது

படிகாரம் ஏற்றிய பருத்தியில் சாயம் செம்பழுப்பாகப் பிடித்தது. பழைய இரும்பும் கருப்பட்டியும் ஊறவைத்த கரைசலில் தோய்த்தால் அடர்ந்த சாம்பல் நிறம். வழக்கமாகப் பருத்திக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீர் காட்டுவார்கள். தொலிச் சாற்றிலேயே டானின் இருப்பதால் அந்தக் கட்டத்தை விட்டும் நிறம் நிற்கிறது என்று சாயக்காரர் கண்டார். அவருக்கு ஒரு வேலை மிச்சம்.

மழைக்காலம்தான் சோதித்தது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனில் வாங்கி வைத்த சாக்குகளில் பூஞ்சை பிடித்தது. அவற்றை அப்படியே எரிக்கக் கொடுத்துவிட்டார்கள். எடுத்த சாறும் சில நாளில் நுரைத்துப் புளித்தது. இப்போது போர்மாவிலிருந்து வந்த நாளிலேயே தொலியை எடுத்து, சாயக்காரர் கேட்கும் வாரத்தில் மட்டும் சாறு எடுக்கிறார்கள். இருப்பு வைப்பதே இல்லை.

கழிவு பற்றி ஆரம்பத்திலேயே கவனமாக இருந்தோம். டானின் கலந்த பழுப்புத் தண்ணீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் அது மட்கும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீனுக்கு ஆபத்து. தீங்கில்லாத கரைப்பான் என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்தால் பொருளே இல்லை. சாயத்தொட்டியில் மீந்ததை அடுத்த தோய்ப்புக்கு வைத்துக்கொள்கிறார்கள். சக்கையைச் சாணத்தோடு கலந்து மட்க வைக்கிறார்கள்; டானின் இருப்பதால் மெதுவாகத்தான் மட்குகிறது.

வருமானம் கிரீம்காரர் சொன்ன விலைக்கு அருகில் கூட வரவில்லை. தொலியை எரிக்கக் கொடுப்பதைவிட நிச்சயம் மேல். சுடுதண்ணீர் முறைக்கு மாறிய பின் யாருக்கும் கொப்புளம் வரவில்லை.

இனி மாற வேண்டியவை

மறுபடி தொடங்குவதாக இருந்தால், பயனை முதலில் முடிவு செய்து கரைப்பானை அப்புறம் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். இங்கே வாங்குபவர் சொன்ன கரைப்பானிலிருந்து வேலை தொடங்கியது. அதைச் சுற்றியே எல்லாம் அமைந்தது. ஓடு உடைக்கும் பிரிவில் அனுபவமுள்ள ஒருவர் முதல் நாளே ஆய்வகத்தில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். மிதந்த படலம் என்னவென்று அங்கேயே தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு சாக்கும் எந்த நாள், எந்த ஆலை, எந்த முறையில் வெந்த கொட்டை என்று எழுதி வைக்கும் வழக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது. டிரம்மில் வறுக்கும் ஒரு ஆலையும் தொலி தருவதாகச் சொல்கிறது. வறுக்கும்போது எண்ணெய் ஓட்டிலிருந்து வெளியே கசியும் என்பதால், தகட்டுச் சோதனை முடியும் வரை அதை வாங்குவதில்லை என்று குழு தீர்மானித்திருக்கிறது.

சாயமிட்ட துணி இதுவரை பைக்கும் திரைச்சீலைக்கும் மட்டுமே போகிறது. துண்டும் சேலையும் போடலாமே என்று சாயக்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார். தகட்டில் பொட்டு தெரியவில்லை என்பது உடம்பில் உடுத்தும் துணிக்குப் போதாது. சாற்றிலும் துவைத்த துணியிலும் கார்டால் எவ்வளவு என்று அளந்து சொல்லக்கூடிய ஆய்வகத்துக்கு மாதிரிகள் போயிருக்கின்றன. அந்த முடிவு வரும் வரை சேலைக்குச் சாறு தருவதில்லை என்று குழுத் தலைவி அவரிடம் சொல்லிவிட்டார்.